ஓடாத ஜீப்புக்கு எழுதுன வாடகை

2024 ஏப்ரல் நடுவுல, மூணாவது தடவ எம்பி தேர்தல் செலவுக் கணக்கு காட்டறதுக்கு கள்ளக்குறிச்சி போயிருந்தோம், அங்க எங்க வேட்பாளரோட நோட்டையும், அவரு செலவ தேர்தல் அதிகாரிங்க தனியா எழுதி வெச்சிருந்த நிழல் பதிவேட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா 36 நாள் ஜீப் வாடகை எங்ககிட்ட இல்ல, அவங்ககிட்ட இருக்கு. நாலு ஜீப், ஒம்போது நாள். அந்த ஒம்போது நாளும் ஜீப் எங்களுக்காக ஒரு அடி கூட நகரலங்கறது சத்தியம், ஆனா அத நான் சொல்லச் சொல்ல எனக்கே கேக்க நல்லா இல்ல.

எங்க ஆபீஸ் சேலம் அஞ்சு ரோடு பக்கத்துல ஒரு மாடி. போர்டுல வரி ஆலோசனைன்னு மட்டும்தான் போட்டிருக்கும். மத்த நாள்ல ஜிஎஸ்டி, வருமான வரி ரிட்டர்ன், செவ்வாப்பேட்டை கடைக்காரங்க கணக்குன்னு ஓடும், தேர்தல் வந்துட்டா வேட்பாளருக்கு செலவுப் பதிவேடு எழுதறது, பர்மிஷன் வாங்கறது, நோட்டீஸ் வந்தா பதில் போடறது, சின்னக் கட்சிகளுக்கு வருஷக் கணக்கு தாக்கல் பண்றது, இதான் வேல. ஆபீஸ் நடத்தற அண்ணனையும் சேத்து அப்ப ஏழு பேரு. இந்த வருஷம் ஆபீஸ்ல யாரு போனா யாரு வந்தான்னு எழுதித் தாடான்னு அண்ணன் கேட்டாரு, அத எழுத உக்காந்தா இந்த ஜீப் கதைய தொடாம எழுத முடியல, அதனால இதயே முழுசா எழுதிடறேன். வேட்பாளர் யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில வெவரத்த விட்டுட்டேன்.

மொதல்ல ஊர் அமைப்பு புரியணும். ஏற்காடு நம்ம சேலம் மாவட்டம், ஆனா எம்பி தொகுதின்னு பாத்தா கள்ளக்குறிச்சி. ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு மூணும் இந்தப் பக்கம், ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி மூணும் அந்தப் பக்கம். ஏற்காடு சட்டமன்றத் தொகுதின்னா மலை மட்டும்னு வெளியூர்க்காரங்க நெனச்சுப்பாங்க, இல்ல, கீழ வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கமெல்லாம் அதுலதான் வருது. தமிழ்நாட்டுல பழங்குடிக்கு ஒதுக்குன சட்டமன்றத் தொகுதி ரெண்டே ரெண்டு, ஒண்ணு இது, இன்னொண்ணு சேந்தமங்கலம். 2013 டிசம்பர்ல இங்க நடந்த இடைத்தேர்தல்லதான் தமிழ்நாட்டுல மொத மொத நோட்டா பட்டன் வந்துச்சு. சரி, அது வேற கதை. இந்தக் கதைக்கு வேண்டியது என்னன்னா, மலைல ஓடற வண்டிக்கு பர்மிட் இந்த மாவட்டத்துல வாங்குனோம், செலவு நோட்ட காட்டறது அந்த மாவட்டத்துல. ரெண்டு மாவட்டத்து அதிகாரிங்களும் ஒரே மேஜைல உக்கார்றதில்ல, எங்க ஆபீஸ்லயும் பர்மிட் ஃபைல் ஒருத்தர்கிட்ட இருந்துச்சு, நோட்டு இன்னொருத்தர்கிட்ட. நோட்டு என்கிட்ட.

பர்மிட் ஃபைல் பாத்தது அக்கா. ஆபீஸ்ல எல்லாருக்கும் அக்கா, எனக்கும் அக்கா, அண்ணனே சமயத்துல அக்கான்னுதான் கூப்பிடுவாரு. 2011 தேர்தல்ல இருந்து இந்த வேல பாக்கறவங்க. எந்த ஆபீஸ்ல எந்த ஜன்னல்ல மனு குடுக்கணும், எவரு சாப்பிடப் போற நேரம் என்ன, பர்மிஷனுக்கு மனு போடற தேர்தல் ஆணையத்தோட சுவிதா போர்ட்டல்ல எந்த எடத்துல போட்டா திருப்பி அனுப்புவாங்க, இதெல்லாம் அவங்க தலைக்குள்ளதான் இருந்துச்சு, பேப்பர்ல இல்ல.

மார்ச் 16 தேர்தல் அறிவிப்பு. 20ல இருந்து 27 வரைக்கும் மனு தாக்கல். மனு போட்ட நாள்லருந்து ரிசல்ட் வர்ற நாள் வரைக்கும், ரெண்டு நாளும் சேத்து, வேட்பாளர் பண்ற ஒவ்வொரு செலவும் கணக்குல வரணும். அந்தத் தடவ ஓட்டு ஏப்ரல் 19, ரிசல்ட் ஜூன் 4, நடுவுல ஒன்றரை மாசம் சும்மா கெடந்தாலும் நோட்டு தொறந்தேதான் இருக்கும். நோட்டு மூணு கலர். அன்னாட செலவு வெள்ளப் பக்கம், ரொக்கம் ரோஸ் பக்கம், பேங்க் மஞ்சப் பக்கம். மனு போடறதுக்கு ஒரு நாள் முன்னாடியாவது தேர்தலுக்குன்னே தனியா ஒரு பேங்க் கணக்கு தொறந்திருக்கணும், ஒரே ஆளுக்கோ கடைக்கோ மொத்த தேர்தல்லயும் சேத்து 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுக்கக் கூடாது, 2018 வரைக்கும் அது 20,000 ஆ இருந்துச்சு. ஷாமியானாக்காரர் செக் வேணாம் தம்பி ரொக்கமா குடுன்னு நிப்பாரு, அவருகிட்ட ஒரு மணி நேரம் பேசணும். இந்தத் தொழில்ல பாதி வேல அதான்.

எதிர்ப்பக்கம் தேர்தல் அதிகாரிங்களும் எழுதுவாங்க. வீடியோ எடுக்கற குழு கூட்டத்துக்கு வந்து சேர் எத்தன, கொடி எத்தன, மைக் எத்தன, செண்ட மேளம் இருந்துச்சா எல்லாம் எடுத்துட்டுப் போகும், இன்னொரு குழு அத உக்காந்து பாக்கும், கணக்குக் குழு மாவட்டத்துல போட்ட விலைப்பட்டியல வெச்சு பெருக்கி நிழல் பதிவேட்டுல ஏத்திடும். டீக்கு ஒரு ரேட்டு, பிரியாணிக்கு ஒரு ரேட்டு, ஜீப்புக்கு நாள் வாடகை ஒரு ரேட்டு. நாம எவ்ளோ கம்மியா பேசி முடிச்சோம்ங்கறது அவங்களுக்குத் தேவையில்ல. எங்க வேட்பாளரோட மாமா ஒருத்தரு பந்தல் போடறவரு, ஓசில போட்டுக் குடுத்தாரு, அதுக்கும் ரேட்டு ஏறுச்சு. அவரு இன்னிக்கு வரைக்கும் என்னைப் பாத்தா என் ஓசிக்கு வெல போட்டவங்களா நீங்கன்னு கேப்பாரு.

இப்ப ஜீப்புக்கு வர்றேன். மலைல நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், கொட்டச்சேடுன்னு போறதுக்கு கார் சரிப்படாது, அதனால ஏற்காட்டுல ஒருத்தர்கிட்ட நாலு ஜீப் பேசுனோம். பர்மிட் ஏப்ரல் 2ல இருந்து 17 வரைக்கும், 17 சாயங்காலம் 6 மணியோட பிரச்சாரம் முடியுது. 2ல இருந்து 6 வரைக்கும் அஞ்சு நாளு நல்லா ஓடுச்சு. அதுக்கப்புறம் வேட்பாளர் கீழ ஆத்தூர் பக்கம் எறங்கிட்டாரு, மலைல இருக்கற ஓட்டு கம்மி கீழதான் இருக்குன்னு கட்சிக்காரங்க சொல்லிட்டாங்க. ஜீப்ப நிறுத்திடுங்கன்னு ஓனருக்கு போன் போயிடுச்சு, அஞ்சு நாள் வாடகை பேங்க்ல போயிடுச்சு, ரசீது வந்துடுச்சு, மஞ்சப் பக்கத்துல நான் எழுதிட்டேன். எனக்கு ஜீப் கதை அதோட முடிஞ்சுது.

ஆனா முடியல. பர்மிட் வாங்குன வண்டிய ரெண்டு நாளைக்கு மேல ஓட்டப் போறதில்லன்னா, உடனே எழுதிக் குடுத்து அந்த பர்மிட்ட திருப்பிக் குடுத்துடணும். குடுக்கலன்னா வண்டி ஓடுச்சுன்னே வெச்சுப்பாங்க, பட்டியல் ரேட்டுல வாடகை ஏறிட்டே இருக்கும். இது தேர்தல் ஆணையம் போட்ட விதி, புதுசு ஒண்ணுமில்ல. அக்காவுக்கு மனப்பாடம். அக்கா இருந்திருந்தா 7ஆந்தேதி காலைல லெட்டர் போயிருக்கும்.

6ஆந்தேதி, சனிக்கெழம சாயங்காலம், அக்கா ஊருக்குக் கெளம்பிட்டாங்க. தருமபுரில அவங்க அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போயிடுச்சு, பாத்துக்க வேற ஆளில்ல. எப்ப வருவேன்னு தெரியலடா, பர்மிட்டெல்லாம் பச்ச ஃபைல்ல இருக்கு, மைக் பர்மிஷன் 9ஆந்தேதி முடியுது அத மட்டும் பாத்துக்கன்னு வாட்ஸப்ல ஒரு வாய்ஸ் அனுப்புனாங்க. அந்த வாய்ஸ் இன்னும் என் போன்ல இருக்கு, மூணு நிமிஷம் சொச்சம், அதுல ஜீப் வரல. அவங்களுக்கு ஜீப் நிக்கப் போற விஷயமே தெரியாது, அது 6ஆந்தேதி ராத்திரி போன்ல முடிவானது. தெரிஞ்சவன் நான். எனக்கு விதி தெரியாது. அக்காவுக்கு விதி தெரியும், சேதி தெரியாது. ரெண்டு பேத்துக்கும் நடுவுல ஒரு சாயங்காலம் விழுந்துடுச்சு.

பச்ச ஃபைல யாரு பாக்கறதுன்னு அண்ணன் திங்கக்கெழம கேட்டாரு. அப்ப புதுசா ஒரு பையன் சேந்திருந்தான், பி.காம் முடிச்சு மூணு வாரம்தான் ஆவுது, நல்லா டைப் பண்ணுவான். அவன்கிட்ட குடுத்தோம். அவன் பாவம் ஃபைல பத்தரமா பூட்டி வெச்சான்.

கள்ளக்குறிச்சில நிழல் பதிவேட்டப் பாத்துட்டு நான் வெளிய வந்து அண்ணனுக்கு போன் போட்டேன். அண்ணன் மொதல்ல கேட்டது, பர்மிட் பேப்பர் இப்ப எங்கடா இருக்குன்னு. ஜீப் கண்ணாடிலதான் ஒட்டியிருக்குங்ணான்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அன்னிக்கே ஆள் மேல போயி நாலையும் கிழிச்சு எடுத்து, 15ஆந்தேதியோட பர்மிட்ட ஒப்படைக்கறோம்னு லெட்டர் குடுத்துட்டோம், அதனால 16, 17 ரெண்டு நாள் தப்பிச்சுது. 7ல இருந்து 15 வரைக்கும் மாட்டிக்கிச்சு. நோட்டீஸ் வந்துச்சு, 48 மணி நேரத்துல பதில் குடுக்கணும்.

நான் நெனச்சது ரொம்ப ஈசி. ஓனர் ரசீது அஞ்சு நாளைக்குத்தான் இருக்கு, பேங்க்ல அஞ்சு நாள் காசுதான் போயிருக்கு, டிரைவருங்ககிட்ட எழுதி வாங்குனா முடிஞ்சுது. மலைக்குப் போயி ஜீப் ஓனரப் பாத்தேன். மனுசன் தங்கமானவரு, ஒண்டிக்கடை பக்கத்துல உக்கார வெச்சு காப்பி வாங்கிக் குடுத்துட்டு, தம்பி வண்டி சும்மா நிக்கல, எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்துனோம், பலாப்பழம் ஏத்துனோம், பொழப்பு நடக்கணுமில்லன்னாரு. நல்லதாப் போச்சு, அதயே எழுதிக் குடுங்கன்னேன். எழுதிக் குடுத்தாரு. அத எடுத்துட்டுப் போனா, அவங்க ஃபைல்ல ஏற்கெனவே ஒரு போட்டோ இருக்கு. ஜீப்புல கூரை வரைக்கும் பலாப்பழம், முன்னாடி கண்ணாடில எங்க வேட்பாளர் பேரோட பர்மிட்டு. பலாப்பழம் எங்களுக்கு சாட்சி, பர்மிட்டு அவங்களுக்கு சாட்சி, ரெண்டும் ஒரே போட்டோல.

அங்க இருந்த அதிகாரி கோவப்படல, நியாயமாத்தான் பேசுனாரு. நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம், ஆனா நான் பாக்க வேண்டியது வண்டி ஓடுச்சான்னு இல்ல, ஓடாதுன்னு நீங்க சொன்னீங்களான்னுதான்னாரு. எனக்கு அன்னிக்கு எரிச்சலா இருந்துச்சு, யோசிச்சுப் பாத்தா விதி அப்படித்தான் இருக்க முடியும். இல்லன்னா அம்பது வண்டி ஓட்டிட்டு அஞ்சுதான் ஓடுச்சு, மிச்சம் பலாப்பழம் ஏத்துச்சுன்னு எவன் வேணா சொல்லலாம்.

பணமா பாத்தா ஒண்ணுமே இல்ல. எம்பி தேர்தலுக்கு செலவு வரம்பு 95 லட்சம், 2022 ஜனவரில ஏத்துனது, சட்டமன்றத்துக்கு 40 லட்சம். எங்க வேட்பாளர் அந்த வரம்புக்கு ரொம்பக் கீழ இருந்தாரு, 36 நாள் இல்ல 360 நாள் வாடகை ஏத்துனாலும் தாண்டாது. வரம்பத் தாண்டுனாத்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆவது பிரிவுப்படி முறைகேடு, ரிசல்ட் வந்த 45 நாளுக்குள்ள எவனாவது தேர்தல் வழக்கு போட்டா, ஜெயிச்சவருக்கு பதவியே போகலாம். அந்த பயம் எங்களுக்கு இல்ல. அதனால அண்ணன் சொன்னது, ஏத்திட்டு வாடா முடிஞ்சுதுன்னு.

ஏத்த மாட்டேன்னது வேட்பாளர்.

அவரு பழைய ஆளு, கடன வாங்கி நின்னவரு, ஒவ்வொரு டீ காசுக்கும் துண்டுச் சீட்டு வெச்சிருப்பாரு. நான் ஓட்டாத வண்டிக்கு நான் ஏன் வாடகை எழுதணும், கணக்கோட உறுதிமொழிப் பத்திரம் குடுக்கறேன்ல, இதுல இருக்கறதெல்லாம் உண்மைன்னு கையெழுத்து போடறேன்ல, செய்யாத செலவ செஞ்சேன்னு எழுதுனா அது பொய் இல்லயான்னாரு. நான் என்ன சொல்றது. செஞ்ச செலவ மறைக்கறவங்கள எப்படி வழிக்குக் கொண்டு வர்றதுன்னுதான் எங்களுக்குப் பழக்கம், செய்யாத செலவ எழுத மாட்டேன்னு நிக்கற ஆள நான் அன்னிக்குத்தான் பாக்கறேன். இவரு ஒத்துக்கலன்னா எழுதாம விட்டுடலாம்னு எனக்கே தோணுச்சு, ஆனா கணக்க சும்மா குடுத்தா மட்டும் போதாது, சரியாவும் இருக்கணும், அது உண்மையான்னு ஆணையம் உள்ள பூந்து பாக்கலாம்னு 2014ல அசோக் சவான் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. ரிசல்ட் வந்த 30 நாளுக்குள்ள, இந்தத் தடவ ஜூலை 4க்குள்ள, ஒழுங்கான முறைல கணக்கு குடுக்கலன்னா அதே சட்டத்தோட 10ஏ பிரிவுல 3 வருஷம் தேர்தல்ல நிக்க முடியாது. டெபாசிட் போனவருக்கும் அதே சட்டம்தான். சுயேச்சையா நின்னுட்டு தோத்தாச்சே இனிமே என்ன கணக்குன்னு போயிட்டு, அடுத்த தேர்தலுக்கு மனு போட வர்றப்பதான் தன் பேரு தகுதி நீக்கப் பட்டியல்ல இருக்கறதப் பாக்கறவங்க இருக்காங்க.

இன்னொரு சிக்கல் கணக்கு எழுதறவனுக்கு மட்டும் புரியற சிக்கல். அந்த 36 நாள் வாடகைய வெள்ளப் பக்கத்துல ஏத்தலாம், ரோஸ்லயும் மஞ்சள்லயும் எறக்க எடமில்ல, ஏன்னா காசு யார்கிட்ட இருந்தும் யாருக்கும் போகல. மூணு பக்கமும் டேலி ஆகலன்னா மறுபடி ஒரு கேள்வி வரும். ரெண்டு நாள் ராத்திரி தூக்கம் இல்லாம உக்காந்திருந்தேன், தட்டுவடை செட்டு வாங்கி வெச்சு அதுவும் நமுத்துப் போச்சு.

முடிச்சு வெச்சது அக்காதான். ஜூன் கடைசில, ரிசல்ட் வந்த 26ஆவது நாளுக்குள்ள கணக்கு சரிபாக்கற கூட்டம் ஒண்ணு நடக்கும், அதுல ரெண்டு பக்கமும் வித்தியாசத்தப் பேசி முடிச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி அம்மாவ தங்கச்சிகிட்ட விட்டுட்டு ரெண்டு நாள் வந்தாங்க. என்னைத் திட்டல, அதான் கஷ்டமா இருந்துச்சு. வேட்பாளர் வீட்டுக்கே போயி, ஐயா நீங்க வண்டி ஓட்டுனதா எழுத வேணாம், விதிப்படி ஓடுனதாக் கருதப்பட்டதுன்னு எழுதுவோம், காசு குடுக்கலன்னும் எழுதுவோம், ஓனர் ரசீதையும் அவரு எழுதிக் குடுத்ததையும் கூடவே வெப்போம், இதுல எந்த வார்த்தை பொய்யின்னு நீங்களே சொல்லுங்கன்னாங்க. அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு மூணு தடவ படிச்சாரு. கருதப்பட்டதுங்கற வார்த்தைய அடிக்கோடு போடச் சொன்னாரு. போட்டோம். கணக்கு ஜூலை 4க்கு முன்னாடியே போயிடுச்சு, அதுக்கப்புறம் எந்தக் கேள்வியும் வரல.

அப்புறம் ஆபீஸ்ல நடந்தது. அக்கா திரும்ப முழு நேரத்துக்கு வரல, தருமபுரில இருந்தே போன்ல பாக்கறாங்க, தேர்தல் இல்லாத மாசம் அரைச் சம்பளம், தேர்தல் வந்தா முழுசுன்னு அண்ணன்கூட பேசிக்கிட்டாங்க. பி.காம் பையன் பயந்து வேலைய விட்டுடுவான்னு நெனச்சோம், இல்ல, இப்ப ஃபைல் பாக்கறதே அவன்தான், ஒவ்வொரு பர்மிட்டும் எந்த நாள் எத்தன மணிக்கு முடியுது, நின்னா யாருக்கு எழுதணும்னு ஒரு பெரிய பைண்டு நோட்டுல எழுதி அண்ணன் மேஜை மேல வெச்சிருக்கான், எக்ஸல்ல போடுடான்னா வேணாங்ணா இது கண்ணுல படும்ங்கறான். கருவூலத்துல இருந்து ரிட்டயர் ஆன சார் ஒருத்தரு 2025 ஆரம்பத்துல சேந்திருக்காரு, சர்க்கார் ஆபீஸ்ல எழுதற பாஷை அவருக்குத்தான் வருது, நாங்க மூணு பக்கம் எழுதறத ஆறு வரில முடிச்சுடறாரு. ஒருத்தரு சென்னைக்குப் போயிட்டாரு, பெரிய சம்பளம், நல்லா இருக்கட்டும்.

தொழிலும் ரொம்ப மாறிக்கிட்டிருக்கு. 2024 பிப்ரவரி 15 தேர்தல் பத்திரம் செல்லாதுன்னு தீர்ப்பு வந்தப்ப எங்கள மாதிரி சின்ன ஆபீஸுக்கு ஒண்ணும் ஆகல, அது பெரிய கட்சிக சமாச்சாரம். எங்கள ஆட்டுனது 2025 ஆகஸ்ட்டு. ஆறு வருஷமா ஒரு தேர்தல்லயும் நிக்காத, பதிவு மட்டும் பண்ணி வெச்சிருந்த கட்சிகள்ல 334ஐ ஆணையம் பட்டியல்ல இருந்து தூக்குச்சு, செப்டம்பர்ல இன்னும் 474. எங்க கிட்ட வருஷக் கணக்கு பாத்துட்டிருந்ததுல ரெண்டு கட்சி அதுல போச்சு. ஒரு கட்சித் தலைவர் வந்து லெட்டர்பேடு ஆயிரம் அடிச்சு வெச்சிருக்கேனே இத என்ன பண்றதுன்னாரு. தேர்தல்ல நின்னாலும் வருஷக் கணக்கு தாக்கல் பண்ணாதவங்க மேல அடுத்த நடவடிக்கை தொடங்கிடுச்சு, அதனால இப்ப வர்ற போனெல்லாம் மூணு வருஷக் கணக்க ஒரு வாரத்துல போட்டுத் தர முடியுமான்னுதான். முடியாது. ரசீதே இல்லாம எத வெச்சு போடறது. 20,000 ரூபாய்க்கு மேல நன்கொடை குடுத்தவங்க பேரு 24ஏ படிவத்துல வரணும், 2,000க்கு மேல ரொக்கமா வாங்குனா கட்சிக்கு வரி விலக்கு போயிடும், இதெல்லாம் வாங்கற அன்னிக்கே எழுதுனாத்தான் உண்டு.

நன்கொடை ரசீது குடுத்துட்டு கமிஷன் புடிச்சுக்கிட்டு மிச்சத்த ரொக்கமாத் திருப்பித் தர்ற வேல பாத்தவங்களும் இந்தத் தொழில்ல இருந்தாங்க, கட்சிக்கு நன்கொடை குடுத்தா வரி கழிவு தர்ற 80ஜிஜிசி பிரிவுன்னு சொல்லி மாசச் சம்பளக்காரங்கள இழுத்து விட்டுட்டாங்க. வருமான வரி நோட்டீஸ் வந்தப்ப அந்தச் சம்பளக்காரங்கதான் எங்ககிட்ட வந்து அழுதாங்க. அண்ணன் அந்த வேலைய கடைசி வரைக்கும் தொடல, அவர்கிட்ட எனக்கு ஆயிரம் வருத்தம் இருக்கு, சம்பளம் 10ஆந்தேதி ஆகாமக் கண்ணுல காட்ட மாட்டாரு, ஆனா இத சொல்லணும்.

அடுத்து 2026 சட்டமன்றத் தேர்தல். சேலம் மாவட்டத்துல மட்டும் 11 தொகுதி, அண்ணன் மூணு வேட்பாளருக்கு மேல எடுக்க மாட்டேங்கறாரு, நாங்க அஞ்சுன்னு சொல்லிக்கிட்டிருக்கோம். சட்டமன்றத்துக்கு ஏற்காடும் சேலமும் ஒரே மாவட்டத்துல முடிஞ்சிரும், கள்ளக்குறிச்சி அலையற வேல இல்ல, அது ஒரு நிம்மதி. ஜீப் ஓனரு போன மாசமே போன் போட்டாரு, இந்தத் தடவயும் வண்டி வேணுமா தம்பின்னு. வேணும்ணா, ஆனா நிறுத்தறதுன்னா கண்ணாடில இருக்கற பேப்பரக் கழட்டி எங்க பையன் கைல குடுத்துட்டுத்தான் பலாப்பழம் ஏத்தணும்னேன். சிரிச்சாரு. அந்தப் பேப்பர் ஒட்டுன பசை ஒரு ஜீப்புல இன்னும் போகலயாம்.

ரெண்டு பேரு வேலைக்கு வேணும். ஒருத்தருக்கு டேலி கணக்கு சாஃப்ட்வேர் தெரிஞ்சிருக்கணும். இன்னொருத்தர் மலைல அலையறதுக்கு, பைக் ஓட்டத் தெரிஞ்சா போதும், குப்பனூர் பாதைலயும் கொண்டை ஊசி வளைவுலயும் தலை சுத்தாம ஏறி எறங்கணும், மஞ்சக்குட்டை பக்கம் ஆளுன்னா நேரா சேத்துக்கறோம்னு அண்ணன் சொல்லச் சொன்னாரு.